ஆலைத் தொழிலாளிக்கு ஞாயிறு பெற்றுத் தந்தவர்: நாராயண் மேகாஜி லோகண்டே

நம் சங்கத்தின் ஆண்டு விழா எப்பொழுதும் ஞாயிற்றுக்கிழமையிலேயே நடைபெறுகிறது. குழந்தைகளின் நாடகம், பெண்மணிகளின் கோலப் போட்டி, பெரியோரின் சொற்பொழிவு, இறுதியில் அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் விருந்து ஆகிய யாவும் அந்த ஒரு நாளை நம்பியே ஏற்பாடு செய்யப்படுகின்றன. முறை வைத்துப் பணியாற்றும் நம் ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் ஓய்வு வேறு கிழமையில் வரலாம். ஆயினும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டு என்பதைச் சூரியன் கிழக்கே உதிப்பது போன்ற இயற்கை நியதியாகவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம்.

அது இயற்கை நியதி அன்று. மனிதர் கேட்டுப் பெற்ற ஒன்று. நாம் பிழைக்க வந்து குடியேறியிருக்கும் இதே மும்பை மாநகரில், பம்பாய் என்று அது வழங்கிய காலத்தில், பல்லாயிரம் ஆலைத் தொழிலாளர்களுக்கு அந்த ஒரு நாளைப் பெற்றுத் தந்தவர் ஒரு குமாஸ்தா. அவர் பெயர் நாராயண் மேகாஜி லோகண்டே. இந்தியத் தொழிலாளர் இயக்கத்தின் தந்தை என்று மராட்டிய மக்கள் அவரைப் போற்றுகின்றனர். 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது. எனினும், இந்நகரில் இரண்டு மூன்று தலைமுறையாக வாழ்ந்துவரும் நம் தமிழ்க் குடும்பங்களில் அவரை அறிந்தோர் சிலரே. உண்ட வீட்டின் பெருமையை அறிந்துகொள்வது விருந்தினருக்கு அழகு. ஆதலின் இம்மலரில் அப்பெருந்தகையின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூற முற்படுகிறேன்.

பிறப்பும் இளமையும்

நம்மில் பலர் நாள்தோறும் மின்சார ரயிலில் கடந்து செல்லும் தாணேயில் 1848ஆம் ஆண்டில் லோகண்டே பிறந்தார். பூந்தோட்டம் வைத்துப் பிழைக்கும் மாலி வகுப்பைச் சேர்ந்த ஏழைக் குடும்பம் அவருடையது. முன்னோர் புனே மாவட்டத்துக் கேட் பகுதியிலுள்ள கன்ஹேர்சர் என்னும் சிற்றூரினர். அவருக்கு ஐந்து வயதாக இருந்தபோது, 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள், இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் போரி பந்தரிலிருந்து புறப்பட்டுத் தாணே வந்து சேர்ந்தது. இரும்புப் பாதையும் நீராவியும் புதியதோர் உலகத்தை அச்சிற்றூரின் வாயிலில் கொண்டு வந்து நிறுத்தின. அவ்வுலகத்தின் இன்பங்களைப் பற்றிப் பேசியவர் பலர். அதன் சக்கரங்களைச் சுழற்றிய மனிதர்களைப் பற்றிப் பேச வேண்டிய பொறுப்பு, தாணேயில் வளர்ந்துகொண்டிருந்த அச்சிறுவனுக்காகக் காத்திருந்தது.

லோகண்டே மெட்ரிகுலேஷன் வரை பயின்றார். மேலே படிக்கக் குடும்ப நிலை இடந்தரவில்லை. ரயில்வேயுடன் இணைந்திருந்த அஞ்சல் பிரிவில் சிறியதோர் உத்தியோகத்தில் அமர்ந்தார். சில காலத்திற்குப் பின் பம்பாயில் மாண்ட்வி நெசவாலை ஒன்றில் தலைமைக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். இச்செய்தியைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பை மறைக்க இயலவில்லை. நானும் மெட்ரிகுலேஷன் தேறி ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவனே. பதிவேடு, வருகைக் கணக்கு, சம்பளப் பட்டியல் என்னும் இவற்றுக்கிடையே வாழும் ஒருவன் உலகத்திற்கு என்ன செய்துவிட முடியும் என்று எண்ணியிருந்த எனக்கு, அவர் வாழ்வு ஒரு விடையாக அமைந்தது. ஆலையின் தலைமைக் குமாஸ்தா என்பவர் முதலாளியின் மேசைக்கு இப்பால் அமர்ந்திருப்பவர். கூலியைக் கணக்கிடுவதும் அபராதத்தைக் கழிப்பதும் அவர் கண் முன்னே நடப்பவை. எதிர்ப்புறத்தில் கைகட்டி நிற்பவர்களின் துயரம் அவர் பேரேட்டில் எண்களாகவே பதிவாகும். அந்த எண்களுக்குப் பின்னே மனிதரைக் கண்டார் என்பதே லோகண்டேயின் தனிச்சிறப்பு.

ஆலைத் தொழிலாளியின் ஒரு நாள்

அவர் கண்ட காட்சி யாது? காவஸ்ஜி நானாபாய் தாவர் என்னும் பார்ஸி வணிகர் 1854ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனமே பம்பாயின் முதல் பஞ்சாலைக்கு வித்திட்டது. இரண்டாண்டுகளில் அந்த ஆலை ஓடத் தொடங்கியது. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகப் புகைபோக்கிகள் எழுந்தன. இரத்தினகிரி, ஸதாரா போன்ற மாவட்டங்களிலிருந்து நிலம் போதாத உழவர்கள் திரள் திரளாக வந்து சேர்ந்தனர். சால் என்று வழங்கும் நெருக்கமான குடியிருப்புகளில் ஓர் அறையில் பலர் தங்கினர்.

அந்நாளில் ஆலைகளில் மின்விளக்கு இல்லை. ஆகவே சூரியனே கடிகாரம். கிழக்கு வெளுத்ததும் இயந்திரம் ஓடத் தொடங்கும். கண்ணுக்கு நூல் தெரியாத அளவு இருட்டிய பின்பே அது நிற்கும். குளிர்காலத்தில் பகல் குறுகுவதால் வேலையும் சற்றுக் குறையும். கோடையில் அது 13 மணி நேரத்தையும் தாண்டும். நண்பகலில் உணவுக்கென முறையான இடைவேளை பல ஆலைகளில் இல்லை. ஓடும் இயந்திரத்தின் அருகிலேயே, பஞ்சுத் தூசு படிந்த ரொட்டியை விழுங்கியவர் பலர். பெண்களும் சிறுவர்களும் அதே கூடத்தில் உழைத்தனர்.

கூலி மாதத்திற்கு ஒருமுறை. அதுவும் மாதம் முடிந்து பல நாட்கள் கழித்தே கைக்கு வரும். அதுவரை அரிசியும் உப்பும் கடனுக்கே வாங்க வேண்டும். கடனுக்கு வட்டி, வட்டிக்கு வட்டி. நூல் அறுந்தால் அபராதம், நேரம் தவறினால் அபராதம். வேலை வாங்கித் தந்த முகாதமுக்குக் காணிக்கை. இயந்திரத்தில் கை சிக்கிவிட்டால் அத்துடன் பிழைப்பு முடிந்தது.

ஓய்வு நாளோ? பண்டிகை தினங்களில் சில நாட்கள் ஆலை மூடும். ஞாயிறன்று சில ஆலைகள் நிற்பதுண்டு. ஆனால் நிற்பது இயந்திரமே அன்றித் தொழிலாளி அல்லன். நின்ற இயந்திரத்தைத் துடைத்து எண்ணெயிட அவன் வந்தாக வேண்டும். அவ்வேலை முடியப் பாதிப் பகல் கழிந்துவிடும். இயந்திரத்திற்கு இருந்த ஓய்வுகூட மனிதனுக்கு இல்லை.

இங்கு ஒன்றைத் தெளிவாகக் கூற வேண்டும். இந்தியாவில் ஞாயிறு விடுமுறையே லோகண்டேயால்தான் பிறந்தது என்று சிலர் எழுதுகின்றனர். அது முற்றும் சரியன்று. ஆங்கிலேயரின் அரசாங்க அலுவலகங்களும் நீதிமன்றங்களும் தங்கள் சமய வழக்கப்படி அதற்கு முன்பே ஞாயிறன்று மூடப்பட்டு வந்தன. துரைக்கும் அவருடைய குமாஸ்தாவுக்கும் கிடைத்த அந்த நாள் ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் கிடைக்கவில்லை. லோகண்டே பெற்றுத் தந்தது அதனையே. தமக்கு எளிதில் கிடைக்கக்கூடிய ஒன்றைப் பிறருக்கும் வேண்டுமென்று கேட்டதே அவருடைய பெருமை.

சத்திய சோதக சமாஜமும் தீனபந்துவும்

லோகண்டேயின் உள்ளத்தில் விளக்கேற்றியவர் மகாத்மா ஜோதிராவ் புலே. சாதிக் கொடுமையை எதிர்த்தும், பெண்களுக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் கல்வி அளித்தும் தொண்டாற்றிய புலே, 1873ஆம் ஆண்டில் புனேயில் சத்திய சோதக சமாஜத்தை நிறுவினார். லோகண்டே அச்சமாஜத்தின் பம்பாய்த் தொண்டர்களுள் முதன்மையானவரானார். அதன் கொள்கைகளைப் பரப்புவதற்காக 1877ஆம் ஆண்டில் கிருஷ்ணராவ் பாலேகர் புனேயில் தீனபந்து என்னும் மராத்தி வார இதழைத் தொடங்கியிருந்தார். ஏழைகளின் தோழன் என்பது அப்பெயரின் பொருள். பொருள் முடையால் அவ்விதழ் தள்ளாடியபோது, 1880ஆம் ஆண்டில் லோகண்டே அதனை ஏற்றுப் பம்பாய்க்குக் கொண்டு வந்தார். அன்று முதல் ஆலைத் தொழிலாளரின் குறைகள் அச்சில் ஏறலாயின.

குருவுக்கும் சீடருக்கும் எப்பொழுதும் கருத்து ஒன்றாகவே இருந்தது என்று சொல்வதற்கில்லை. உழவரின் நிலை குறித்துப் புலே எழுதிய நூலின் முதற்பகுதிகளைத் தீனபந்து வெளியிட்டது. பின்வந்த பகுதிகளின் கடுமையைக் கண்டு லோகண்டே தயங்கி, வெளியிடாது நிறுத்திவிட்டார். புலேக்கு அது மனவருத்தத்தை அளித்தது. லோகண்டே தீப்பொறி பறக்கப் பேசும் இயல்பினர் அல்லர். மனு எழுதுதல், கூட்டம் கூட்டுதல், சட்டத்தின் வழி நின்று கேட்டல் என்பவையே அவருடைய கருவிகள். அதனை அச்சம் என்று கூறியோரும் உண்டு, நிதானம் என்று கூறியோரும் உண்டு. ஆனால் கேட்பதை விட்டுவிட்டார் என்று கூறியோர் எவரும் இல்லை.

இருதலைக் கொள்ளி

லோகண்டே இறங்கிய களம் எளியதன்று. அக்காலத்து அரசியலை ஒரு சிறிது அறிந்தாலன்றி அவருடைய துணிவு விளங்காது.

இங்கிலாந்தில் லங்காஷயர் ஆலை முதலாளிகள் உலகத்திற்கே துணி விற்று வந்தனர். பம்பாயின் புதிய ஆலைகள் அவர்களுக்குப் போட்டியாக எழுந்தன. இந்திய ஆலைகளில் வேலை நேரத்திற்கு எல்லையில்லை, எனவே அடக்கவிலை குறைவு என்று கண்ட லங்காஷயர் முதலாளிகள், இந்தியாவிலும் தொழிற்சாலைச் சட்டம் வேண்டுமென்று பார்லிமெண்டை நெருக்கினர். அவர்களுள் உண்மையான இரக்கம் உடையவர் சிலர் இருந்திருக்கலாம். பெரும்பாலோருக்கு இருந்தது வணிகக் கணக்கே. 1875ஆம் ஆண்டில் பம்பாயில் விசாரணைக் கமிஷன் ஒன்று அமைக்கப்பட்டது. ஸோராப்ஜி ஷாபூர்ஜி பெங்காலி என்னும் பார்ஸிப் பெருந்தகை நம் நாட்டவருள் தொழிலாளர் சார்பாக முன்கூட்டியே குரல் கொடுத்து, 1878ஆம் ஆண்டில் மசோதா ஒன்றையும் வரைந்தார். முடிவில் 1881ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. 7 வயதுக்குக் குறைந்த குழந்தைகளை வேலைக்கு வைத்தலாகாது, 7 முதல் 12 வயது வரை உள்ள சிறுவருக்கு நாளொன்றுக்கு 9 மணி, மாதத்தில் நான்கு நாள் ஓய்வு என்று அது விதித்தது. வளர்ந்த ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேலை நேரத்திலோ ஓய்விலோ அது எதையும் வரையறுக்கவில்லை.

இந்நிலையில் நம் நாட்டுப் பத்திரிகைகள் பலவும், தேசபக்தர்கள் பலரும் தொழிற்சாலைச் சட்டத்தை எதிர்த்தனர். இளம் சுதேசித் தொழிலை நசுக்க லங்காஷயர் செய்யும் சூழ்ச்சி என்பது அவர்களுடைய வாதம். அந்த வாதத்தில் உண்மை இல்லாமலும் இல்லை. எனவே தொழிலாளிக்கு ஓய்வு வேண்டும் என்று கேட்பவன் அந்நியனுக்குத் துணைபோகிறவன் என்னும் பழிக்கு ஆளாக வேண்டியிருந்தது. பேசினால் தேசத்துரோகம், பேசாவிடில் மனிதத்துரோகம்.

லோகண்டே இரண்டையும் பிரித்தறிந்தார். லங்காஷயர் முதலாளியின் நோக்கம் எதுவாயினும், பரேலில் ஒரு தொழிலாளியின் முதுகு வலிப்பது உண்மை. நல்லதொன்றைத் தீயவனும் கேட்கிறான் என்பதற்காக அது தீயதாகிவிடாது. அந்நியனுடைய மனுவில் தொழிலாளியின் துயரம் இடம்பெறுவதைவிட, தொழிலாளியே தன் துயரத்தைத் தன் வாயால் கூறுவது மேல். இதுவே அவர் மேற்கொண்ட வழி.

ஐந்து கோரிக்கைகள்

1884ஆம் ஆண்டில் பம்பாய் அரசாங்கம் மீண்டும் ஒரு தொழிற்சாலைக் கமிஷனை அமைத்தது. லோகண்டே அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் தொழிலாளர்களைக் கூட்டி இரண்டு பொதுக்கூட்டங்கள் நடத்தினார். பம்பாய் ஆலைத் தொழிலாளர் சங்கம் என்னும் பெயரும் அப்பொழுதே தோன்றியது. கமிஷனிடம் அளிக்கும் பொருட்டு 5,500 தொழிலாளர்களின் ஒப்பத்துடன் மனு ஒன்று உருவாயிற்று. எழுத்தறியாதோர் மிகுந்த ஒரு திரளிடம், விளக்கு வைத்த பின்பே வீடு திரும்பும் மக்களிடம், ஒப்பம் திரட்டுவது எத்துணைக் கடினம் என்பதை நம் சங்கத்திற்குச் சந்தா திரட்டிய அன்பர்கள் நன்கு உணர்வர்.

அம்மனுவில் இருந்த கோரிக்கைகள் ஐந்து. ஞாயிறுதோறும் முழு நாள் ஓய்வு வேண்டும் என்பது முதலாவது. நண்பகலில் அரைமணி இடைவேளை வேண்டும் என்பது இரண்டாவது. வேலை காலை ஆறரை மணிக்குத் தொடங்கிச் சூரியன் மறையும்போது முடிய வேண்டும் என்பது மூன்றாவது. ஒரு மாதத்துக் கூலியை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது நான்காவது. வேலையில் அடிபட்டவனுக்குக் குணமாகும் வரை முழுக் கூலியும், வாழ்நாள் முழுவதும் உழைக்க இயலாதவாறு ஊனமுற்றவனுக்கு ஜீவனத்திற்கு வழியும் அளிக்க வேண்டும் என்பது ஐந்தாவது.

எத்துணைச் சிறிய கோரிக்கைகள்! சூரியன் மறையும் வரை உழைக்கச் சித்தமாக இருக்கிறோம் என்று கூறும் கோரிக்கையை இன்று எவரேனும் கோரிக்கை என்பரா? ஆயினும் அவை அன்று பேராசையாகவே கருதப்பட்டன. இந்த மனுவினால் உடனே பலன் கிட்டவில்லை. ஆறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆறு ஆண்டுகளும் தீனபந்துவில் லோகண்டே எழுதிக்கொண்டே இருந்தார், கூட்டங்களில் பேசிக்கொண்டே இருந்தார்.

மகாலட்சுமி மைதானம்

1890ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் பம்பாய் மகாலட்சுமி குதிரைப் பந்தய மைதானத்தில் ஏறத்தாழ 10,000 தொழிலாளர்கள் திரண்டனர். செல்வர்கள் குதிரைகளின் மீது பந்தயம் கட்டும் இடத்தில், உழைப்பவர்கள் தங்கள் வாழ்வுக்காகக் கூடினர். அக்கூட்டத்தில் தொழிலாளப் பெண்கள் இருவரும் எழுந்து பேசினர். பெண்கள் பொது மேடையில் வாய் திறப்பதே அரிதாயிருந்த காலம் அது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். வாரந்தோறும் ஞாயிறு ஓய்வு வேண்டுமென்னும் மனு அங்கே ஏற்கப்பட்டு, ஆலை முதலாளிகள் சங்கத்திற்கு அனுப்பப்பட்டது.

ஞாயிறு என்னும் கிழமையைக் கேட்டது ஆங்கிலேயரின் சமயத்தைப் பின்பற்றி அன்று. மராட்டிய மக்கள் குலதெய்வமாக வழிபடும் ஜெஜூரி கண்டோபாவுக்கு உகந்த நாளும் ஞாயிறே. துரைகளுக்குத் தேவாலயம் செல்லும் நாள் என்றால், தொழிலாளிக்குக் கண்டோபாவின் நாள் என்று லோகண்டே வாதித்ததாகக் கூறுவர்.

1890ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் ஆலை முதலாளிகள் சங்கம் இணங்கியது. வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை ஆலைகளுக்கு விடுமுறை என்று முடிவாயிற்று. கதவடைப்பு இல்லை, கல்லெறி இல்லை, ஓர் உயிரும் போகவில்லை. பதினாயிரம் பேர் ஒரே குரலில் கேட்டனர், கிடைத்தது. அதற்கடுத்த ஞாயிறுகளில் பரேலிலும் லால்பாகிலும் எத்தனை குழந்தைகள் தங்கள் தந்தையின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் கண்டிருப்பர் என்று எண்ணிப் பார்க்கும்போது நெஞ்சம் நெகிழ்கிறது.

அவ்வாண்டிலேயே இந்திய அரசாங்கம் தொழிற்சாலைக் கமிஷன் ஒன்றை அமைத்தது. பம்பாய்த் தொழிலாளரின் சார்பில் லோகண்டே அதில் இணை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். முன்பு கமிஷனின் வாயிலில் மனுவுடன் நின்றவர், இப்பொழுது கமிஷனிலேயே அமர்ந்தார். அதன் விளைவாக வந்த 1891ஆம் ஆண்டுச் சட்டம் வாராந்தர ஓய்வையும் நண்பகல் அரைமணி இடைவேளையையும் சட்டமாக்கியது. பெண்களுக்கு நாளொன்றுக்கு 11 மணி என்றும், 9 முதல் 14 வயது வரையுள்ள சிறுவருக்கு 7 மணி என்றும் எல்லை வகுத்தது. வளர்ந்த ஆண்களின் நாள்வேலைக்கு மட்டும் அப்பொழுதும் எல்லை பிறக்கவில்லை. ஐந்து கோரிக்கைகளுள் இரண்டு சட்டமாயின. எஞ்சியவை அடுத்த தலைமுறைக்குக் கடனாக நின்றன. அந்த 1890ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள், தம் சீடரின் வெற்றியைக் கண்ட மன நிறைவுடன் போலும், புலே கண்மூடினார்.

சங்கமா, தனிமனிதரா?

லோகண்டேயின் சங்கம் இக்காலத்துத் தொழிற்சங்கம் போன்றதன்று. உறுப்பினர் பட்டியல் இல்லை, நிதி இல்லை, விதிகள் இல்லை. அதனைச் சங்கம் என்றே கருத முடியாது என்று அக்காலத்து அரசாங்க அறிக்கை குறை கூறியது. அக்குறையில் உண்மை உண்டு. சந்தாவும் கிளையும் நிர்வாகிகளும் இல்லாத காரணத்தால், லோகண்டேக்குப் பின் அது நிலைக்கவில்லை. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, வரவு செலவு படித்து, நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் நம் சங்கத்தின் சிறு சடங்குகளைச் சிலர் சலிப்புடன் நோக்குகின்றனர். ஒரு பெரியவரின் உழைப்பு அவருடன் மறைந்துபோகாமல் காப்பவை அச்சடங்குகளே என்பதற்கு இவ்வரலாறே சான்று.

அவருடைய அக்கறை ஆலையுடன் நின்றுவிடவில்லை. விதவைகளின் தலையை மழிக்கும் கொடிய வழக்கத்திற்குத் தாங்கள் துணைபோவதில்லை என்று பம்பாய் நாவிதர்கள் உறுதி பூண 1890ஆம் ஆண்டில் அவர் ஊக்கமளித்தார். 1893ஆம் ஆண்டு ஆகஸ்டில் பம்பாயில் இந்து முஸ்லிம் கலகம் மூண்டபோது, ஒரே ஆலையில் ஒரே தறியில் உழைக்கும் இரு சமயத்தாரிடையே பகை வளரலாகாது என்று பாடுபட்டு, ராணி பாக் தோட்டத்தில் ஒற்றுமைக் கூட்டம் கூட்டினார். அரசாங்கம் அவருக்கு ராவ் பகதூர் பட்டம் அளித்தது. பட்டம் பெற்ற பின்னரும் அவருடைய நாட்கள் தொழிலாளர் சால்களிலேயே கழிந்தன.

இறுதித் தொண்டு

1896ஆம் ஆண்டு செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் பிளேக் நோய் தோன்றியது. கப்பல் துறையை ஒட்டிய அந்நெருக்கடிமிக்க பகுதியிலிருந்து நகரெங்கும் அது பரவியது. வசதியுடையோர் நகரைவிட்டு ஓடினர். தொழிலாளர்களும் மூட்டை முடிச்சுகளுடன் சொந்த ஊர் நோக்கி நடந்தனர். ஆலைகள் ஆளின்றி வெறிச்சோடின. இத்தகைய காட்சியைப் பெருந்தொற்றுக் காலமான 2020ஆம் ஆண்டில் இதே மும்பையில் நாமும் கண்டோம். ஆதலின் அதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

லோகண்டே ஓடவில்லை. நோயுற்ற ஏழைகளுக்கென மருத்துவமனை ஒன்றை அமைத்து, அவர்களைப் பேணும் பணியில் ஈடுபட்டார். அத்தொண்டின் நடுவே அந்நோயே அவரையும் பற்றிக்கொண்டது. 1897ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். அகவை ஐம்பதைக்கூட அவர் எட்டவில்லை. ஒரு மாதம் கழித்து, மார்ச் 10ஆம் நாள், புனேயில் பிளேக் நோயாளிகளுக்குத் தொண்டு செய்த சாவித்திரிபாய் புலே அம்மையாரும் அந்நோய்க்கே இரையானார்.

அவர் விட்ட இடத்திலிருந்து

லோகண்டேயின் மறைவுக்குப் பின் மின்விளக்கு ஆலைகளுக்குள் புகுந்தது. சூரியன் மறைந்தாலும் வேலை மறையவில்லை. ஆண்களுக்கும் எல்லை வேண்டும் என்னும் குரல் வலுத்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளில் 12 மணி என்றது. 1922ஆம் ஆண்டுச் சட்டம் வாரத்திற்கு 60 மணி என்றது. 1934ஆம் ஆண்டில் அது 54 ஆயிற்று. டாக்டர் அம்பேத்கர் வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் இலாகாவை 1942 முதல் 1946 வரை வகித்த காலத்து முயற்சிகளின் பயனாக, 1946ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 48 மணி என்னும் எல்லை வந்தது. சுதந்தரம் பெற்றபின் 1948ஆம் ஆண்டுச் சட்டமும் அதனையே உறுதி செய்தது. கோடையில் வாரத்திற்கு 80 மணியைத் தாண்டிய உழைப்பு 48 மணியாகக் குறைய அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

நம் தமிழ்நாட்டிலும் இதன் எதிரொலி கேட்டது. சென்னை பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்களை உணவு இடைவேளை போதாமை வாட்டியது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அவர்களுக்காக முயன்றனர். திரு. வி. கலியாணசுந்தரனார் தோள் கொடுத்தார். பி. பி. வாடியா தலைமையில் 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தது. அந்த வாடியா பிறந்த ஊர் பம்பாய் என்பது நமக்கு மகிழ்வூட்டும் செய்தி. உறுப்பினர் பட்டியலும் சந்தாவும் கொண்டு முறையாக அமைந்த அச்சங்கம், லோகண்டேயின் சங்கத்திற்கு இல்லாதிருந்த உறுதியைப் பெற்றது.

ரயில்வேக் குடும்பத்தாராகிய நாம் பெருமை கொள்ள வேறொரு செய்தியும் உண்டு. 1862ஆம் ஆண்டிலேயே ஹௌராவில் ஏறத்தாழ 1,200 ரயில்வேத் தொழிலாளர்கள் எட்டு மணி வேலை கேட்டு வேலை நிறுத்தம் செய்தனர். கேட்கும் வழக்கம் நம் பாதையில் பழமையானது.

நாம் செய்யத்தக்கது

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? லோகண்டே அரசர் அல்லர், செல்வர் அல்லர், பட்டதாரியும் அல்லர். மனு எழுதத் தெரிந்த ஒரு குமாஸ்தா. அந்த எழுத்தை அவர் தமக்காக மட்டும் செலவிடவில்லை, எழுதத் தெரியாதவருக்காகச் செலவிட்டார். என் அலுவலகத்திலும் தண்டவாளப் பணியாளர் சிலர், விடுப்பு விண்ணப்பமோ வருங்கால வைப்புநிதி விண்ணப்பமோ எழுதித் தருமாறு தயக்கத்துடன் வந்து நிற்பதுண்டு. வேலை நெருக்கடியில் நாளை வா என்று நான் திருப்பி அனுப்பியதும் உண்டு. லோகண்டேயின் வரலாற்றைப் படித்த பின் அவ்வாறு அனுப்ப மனம் வரவில்லை.

மற்றொன்றும் கூறத் தோன்றுகிறது. நம் காலனி வீடுகளில் பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவும் வரும் பெண்மணிக்கு ஞாயிறு உண்டா? நாம் வீட்டில் இருக்கும் நாளாதலின், அன்றுதான் அவளுக்கு வேலை மிகுதி. இரவெல்லாம் வாயிலில் விழித்திருக்கும் காவலாளிக்கு வாரத்தில் எந்த நாள் ஓய்வு? நம் இல்லத்தரசியருக்கோ கிழமை என்ற வேறுபாடே இல்லை. இவர்களுக்காக மகாலட்சுமி மைதானத்தில் கூட்டம் கூட்ட வேண்டியதில்லை, கமிஷனும் தேவையில்லை. வாரத்தில் ஒரு நாள் கூலியில் பிடித்தமின்றி விடுமுறை என்று நம் வீட்டு வாயிலில் நின்று ஒரு சொல் சொன்னால் போதும்.

அடுத்த முறை தாணே நிலையத்தை ரயில் கடக்கும்போது, அவ்வூரில் பிறந்த அக்குமாஸ்தாவை ஒரு கணம் நினைப்போமாக. அவர் கேட்டுப் பெற்ற ஓய்வு நாளை நாம் அனுபவிப்பதுடன் நில்லாது, நம்மிடம் உழைப்பவர்க்கும் அதனை அளிப்போமாக. அதுவே அப்பெரியோருக்கு நாம் செலுத்தும் உண்மையான நன்றிக்கடனாகும்.